அடக்கத்தன்று போட்ட கையெழுத்து

கணவனை அடக்கம் செய்த பதினோராம் நாள் வெல்டா வேலைக்குத் திரும்பினாள். கவுண்டி அலுவலகத்தில் அவளைப் பார்த்தவர்கள், என்ன தைரியமான பெண் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தைரியமாவது ஒன்றாவது. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டு வந்தவள், தன் உதடு எங்கே இருக்கிறதென்று தெரியாமலே சூப் குடிப்பாளே, அப்படித்தான் அவள் அந்த நாட்களைக் கடத்தினாள். வலி இருந்தது என்று தெரியும். எங்கே என்றுதான் தெரியவில்லை.

அவளுடைய வேலை கையெழுத்து பார்ப்பது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக் கிழக்கு ஓரத்தில், கவுண்டி என்று சொல்லும், ஆளைவிட மாடு அதிகமாக உள்ள அந்தச் சின்ன மாவட்டத்தில், இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்தாள். தபாலில் வரும் ஓட்டோ, மனுவோ, எதுவானாலும் அதிலுள்ள கையெழுத்தை அலுவலகக் கோப்பிலிருக்கும் வாக்காளர் அட்டையில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் பச்சைப் பென்சில், பொருந்தாவிட்டால் சிவப்பு. யார் எதற்குப் போட்டார்கள் என்பது அவள் கவலை இல்லை.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நான்கு அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் நைல் பாக்ஸ்டனைப் பதவிக்காலம் முடியுமுன்பே திரும்ப அழைக்கக் கோரும் மனு. ஊரில் எல்லாரும் சுருக்கமாக ரீகால் என்பார்கள். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு செல்லுபடியாகும் கையெழுத்துகள் தேறினால் மே மாதம் தனித் தேர்தல். தேறாவிட்டால் பெட்டிகள் கிடங்குக்குப் போகும்.

அந்த ஊருக்கு இது புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் இதே நாற்காலியில் இருந்தவரைத் தண்ணீர் வரி விஷயத்தில் கோபப்பட்டு இதே வழியில் இறக்கினார்கள். இறக்கிய அன்று பண்ணைச் சங்கக் கட்டடத்தில் மாட்டிறைச்சி சுட்டு ஊரே சாப்பிட்டது. தேர்தல் நடத்திய கணக்கு எழுபத்தோராயிரம் டாலர் என்று வந்தபோது யாரும் சாப்பிடக் கூடவில்லை. கவுண்டியை நடத்தும் மூன்று கமிஷனர்களும் உட்கார்ந்து யோசித்தார்கள், கிழக்குப் பள்ளத்தாக்கின் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடினார்கள். தற்காலிகமாக என்று ஒரு சொல்லைக் கதவில் எழுதி ஒட்டினார்கள். காகிதம் வெயிலில் வெளுத்து, எழுத்து மறைந்து, பசை மட்டும் மிச்சம் இருந்தது.

வெல்டாவின் பண்ணை அந்த நிலையத்திலிருந்து ஆறு மைல். ஜனவரி பத்தொன்பதாம் தேதி, மத்தியானம் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த டெல்மர் வேலியோரம் விழுந்தான். ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து வர வேண்டும், ஐம்பத்திரண்டு நிமிடம் ஆகும் என்றார்கள் போனில். பக்கத்துப் பண்ணை ஆர்லோ தன் பிக்கப் வண்டியில் அவனை ஏற்றிப் படுக்க வைத்து, ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை டெல்மரின் நெஞ்சிலுமாக முப்பது மைல் ஓட்டினான். வெல்டா பின்னாலேயே தன் காரில் போனாள். கூட்டுரோட்டில் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. அப்போது அவசரம் தீர்ந்திருந்தது.

ஊர் கொதித்தது. நிலையம் மூடியதற்கு யாரையாவது பிடிக்க வேண்டும் அல்லவா? கிராமப்புற மருத்துவ மானியத்தைக் குறைக்கும் ஒரு மசோதாவுக்குக் கைதூக்கிய பாக்ஸ்டன் அகப்பட்டார். அவரும் ஒன்றும் யோக்கியர் இல்லை. ஆனால் ஆம்புலன்ஸை மூடியது அவர் இல்லை, போன ரீகாலின் செலவு. அதைக் கமிஷனர்களையும் அலுவலகத்தில் இருந்த நான்கு பேரையும் தவிர யாரும் அறியவில்லை. கேட்டவர்களும் இல்லை.

பெட்டிகள் வந்த அன்று, அலுவலகத்துக்குத் தலைவியான கவுண்டி கிளார்க் கோலீன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவளுக்கும் வெல்டாவுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். கிழக்கு நிலையத்தை ஜூலையில் மறுபடி திறக்கக் கமிஷனர்கள் எண்பதாயிரம் டாலர் ஒதுக்கியிருப்பதாகவும், டெல்மர் போன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது என்றும் சொன்னாள். மனு தேறிவிட்டால் தேர்தலுக்கு எடுக்க அந்தப் பணத்தைத் தவிர வேறு நிதி இல்லை.

"உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னேன்," என்றாள் கோலீன். "வேற ஒருத்தர பாக்கச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றாள் வெல்டா. வேலை என்று ஒன்று இருப்பதால்தான் காலையில் எழுந்து உடுத்துகிறாள் என்பதைச் சொல்லவில்லை.

ஒன்பது நாள் பார்த்தாள். பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை. மனைவியே புருஷனுக்கும் சேர்த்துப் போட்ட கையெழுத்துகள் ஒவ்வொரு தாளிலும் இரண்டு மூன்று கிடைத்தன. அந்த ஊர்ப் பெண்களுக்கு அது பழக்கம், மாட்டுத் தீவன ரசீதிலிருந்து வருமான வரி வரைக்கும் அவர்கள்தான் போடுகிறார்கள். வெல்டா எல்லாவற்றுக்கும் சிவப்பு போட்டாள். மனம் எதையும் தொடவில்லை, அது அவளுக்கு வசதியாக இருந்தது.

பத்தாம் நாள் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள் வந்தது.

இருபது வரி, இருபதும் நிறைந்திருந்தன. எல்லா வரியிலும் ஒரே தேதி, ஜனவரி இருபத்துநான்கு. டெல்மரை அடக்கம் செய்த நாள். முதல் வரியில் மாட்டு டாக்டர். இரண்டாவது வரியில் அவர் மனைவி. மூன்றாவது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண். நான்காவது வரியில் டெல்மரின் அண்ணன் ஓர்வில்.

வெல்டா பென்சிலைக் கீழே வைத்தாள். ஓர்வில் வரவில்லை என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தாள். நிலத் தகராறில் ஒன்பது வருடம் பேச்சில்லை, தம்பி செத்ததற்குக்கூட வரவில்லை என்று நெஞ்சில் ஒரு கல்லை வைத்திருந்தாள். அதன் பிறகு அவன் இரண்டு முறை போன் செய்தும் அவள் எடுக்கவில்லை. சர்ச் வாசலில் வைத்த வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. அந்தப் பதிவேட்டில் மொத்தமே முப்பத்தொரு பெயர்கள்தான். அறுபத்திரண்டு வருடம் ஒரே ஊரில் வாழ்ந்த மனிதனுக்கு முப்பத்தொரு பேரா என்று அடக்கம் முடிந்த வாரம் ஒருமுறை நினைத்தாள். பிறகு முப்பத்தொரு நன்றி அட்டை எழுதித் தபாலில் சேர்த்தாள். அந்த ஊர் வழக்கம் அது. பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுதியவர்களுக்கெல்லாம் வீட்டார் அட்டை அனுப்ப வேண்டும்.

இப்போது புரிந்தது. வாசல் மேசையில் பதிவேட்டுக்குப் பக்கத்தில் மனுத் தாள் செருகிய பலகையும் கிடந்திருக்கிறது. பெயர், முகவரி, தேதி, ஒரு பேனா. கறுப்புக் கோட்டும் ஈரக் கண்ணுமாக வரிசையில் வந்தவர்கள், எது கைக்கு எட்டியதோ அதில் எழுதிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். மேலே சின்ன எழுத்தில் அச்சடித்த பத்தியை இழவுக்கு வந்த இடத்தில் யார் படிப்பார்கள்?

ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். பொருந்தின. பதினேழாவது வரிக்கு வந்தாள். அது அவளுடைய கையெழுத்து.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வி எழுத்தின் வால், எல் எழுத்தின் மேலே அவள் மட்டும் போடும் சுழி, எல்லாம் சரியாக இருந்தது. போட்டதுதான் நினைவில்லை. அன்றைய நாளில் அவளுக்கு நினைவிருப்பவை இரண்டே. ஒன்று, சாவுச் சாப்பாட்டுக்கென்றே சர்ச் பெண்கள் செய்யும் உருளைக்கிழங்கின் வாசனை. மற்றது, சவப்பெட்டியை மூடுமுன் குடும்பத்தார் மட்டும் உள்ளறையில் கூடி ஜெபித்தபோது, பெட்டி தூக்க வந்த ஆர்லோ அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த அறைக்குப் போகிற வழியில்தான் மேசை. கோடு போட்ட தாளும் பேனாவும் கண்ணில் பட்டிருக்கும், கை தன் பழக்கத்துக்கு எழுதியிருக்கும். சொந்தப் புருஷனின் சாவுக்கு விருந்தாளியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

தாளைத் திருப்பினாள். பின்புறம், கையெழுத்து வாங்கியவன் என்ற இடத்தில் ஆர்லோவின் சத்தியப் பத்திரம். இந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு கையெழுத்தும் என் கண்முன்னால் போடப்பட்டது என்று நோட்டரி முன் கையொப்பமிட்டிருந்தான். அவன் கண்முன்னால் அன்று இருந்தது மேசை அல்ல, டெல்மரின் முகம். அது வெல்டாவைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

அந்தத் தாளைத் தனியே வைத்துவிட்டு மீதியை முடித்தாள். கூட்டிப் பார்த்தபோது நாலாயிரத்து முந்நூற்று ஐந்து வந்தது. பதினொன்று குறைவு. இருநூற்றுப் பன்னிரண்டாம் தாளைச் சேர்த்தால் ஒன்பது அதிகம்.

தன் கையெழுத்தைத் தானே பார்க்கக் கூடாது என்பது விதி. தாளைக் கோலீனிடம் கொண்டுபோனாள். கோலீன் பதினேழாவது வரியைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், பிறகு வெல்டாவைப் பார்த்தாள்.

"இது உன்னோடதா?"

"என்னோடதுதான். போட்டது ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லங்கறதுக்குச் சட்டத்துல இடம் இல்லடி," என்றாள் கோலீன். குரல் மட்டும் மெதுவாக இருந்தது. "படிச்சுப் பாத்துப் போட்டாங்களான்னு நாம கேக்க ஆரம்பிச்சா இந்த நாட்டுல ஒரு எலெக்ஷனும் நடக்காது. பொருந்துதா, அவ்வளவுதான் நம்ம கேள்வி."

பிறகு தாளைத் திருப்பி, ஆர்லோவின் பெயர்மேல் விரலை வைத்தாள். கையெழுத்து வாங்கியவர் பக்கத்தில் நிற்கவில்லை என்றால் தாள் முழுக்கச் செல்லாது. அதற்கு நேரில் அறிந்தவர் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், பொய்ச் சத்தியம் என்று அதை அரசு வக்கீலுக்கு அனுப்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. ஏதாவது பார்த்தாயா என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் வெல்டா.

சாயங்காலம் ஆர்லோவின் பண்ணைக்குப் போனாள். எழுபது வயதில் அவன் இன்னும் தானேதான் கன்றுகளுக்குப் பால் புகட்டுகிறான். வாளியை இடுப்பில் இடுக்கியபடி, சாப்பிட்டாயா, வீட்டில் கணப்பு சரியாக எரிகிறதா என்று விசாரித்தான். மனு பற்றி அவள் வாய் திறக்குமுன் அவனே ஆரம்பித்தான். அவனுக்கு அதில் பெருமை இருந்தது. டெல்மருக்காகத் தெருத்தெருவாக அலைந்ததாகச் சொன்னான், முட்டி வீங்கியதைச் சொன்னான்.

"சர்ச்சுல மட்டும் இருவது பேரு, வெல்டா. நான் ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேக்கல. ஜெபத்துக்குக் கூப்பிட்டாங்கன்னு பலகையை மேசையில வெச்சிட்டு உள்ள வந்தேன். திரும்பி வந்து பாத்தா தாள் நெறஞ்சு கெடக்கு. டெல்மரே கூட நின்னு போட வெச்ச மாதிரி."

"எலெக்ஷன் செலவு யாரு குடுக்கறான்னு தெரியுமா ஆர்லோ?"

"ஸ்டேட்டு குடுக்கும்."

"நாமதான் குடுக்கறோம். கவுண்டி. போன ரீகாலுக்குக் குடுத்ததுலதான் நம்ம ஸ்டேஷனை மூடுனாங்க. இதுக்குக் குடுக்கப்போறது அதைத் திறக்க வெச்சிருந்த பணம்."

ஆர்லோ வாளியைக் கீழே வைத்தான். கன்று ஒன்று தலையை விட்டு உறிஞ்சத் தொடங்கியது. அவன் அதைத் தள்ளவில்லை.

"பதினேழாவது வரி பாத்தியா?" என்றாள்.

"எல்லாத்தையும் எங்க பாத்தேன்."

"அது நான்."

"நீயும் சம்மதிச்சுத்தானே..."

"வந்தவங்க பேரு எழுதற புத்தகம்னு நெனச்சிருக்கேன். எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்காங்க."

அவன் குனிந்து வாளியை எடுத்தான், அது காலியாகியிருந்தது. "எழுதிக் குடுத்துடு," என்றான். "நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நல்ல மனிதன்தான். ஆனால், நானே நாளைக் காலை வந்து சொல்லிவிடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வெல்டா அதைக் கவனித்தாள்.

காருக்குத் திரும்பும் வழியில் அவனுடைய பிக்கப் நின்றது. கண்ணாடி வழியே பார்த்தாள். முன்சீட்டுக்கு எதிரே, ஸ்டியரிங் பக்கத்துத் தட்டில், டெல்மரின் ஒற்றைக் கையுறை இருந்தது. மாட்டுத்தோல், கட்டைவிரலில் அவளே தைத்த தையல். அன்று கழற்றிய இடத்திலேயே இரண்டு மாதமாக இருந்திருக்கிறது. மேலே தூசு இல்லை. ஆர்லோ அதைத் துடைத்து அதே இடத்தில் வைத்திருக்கிறான் போல.

மறுநாள் கோலீன் கேட்டபோது, "நான் ஒண்ணும் பாக்கல," என்றாள் வெல்டா. கோலீன் அவளை உற்றுப் பார்த்தாள், இரண்டாம் முறை கேட்கவில்லை. வெல்டா பத்தொன்பது பச்சை போட்டாள், கோலீன் பதினேழாவது வரியில் ஒன்று போட்டாள். எது நியாயம் என்று வெல்டாவுக்கு நன்றாகத் தெரியும். அந்த நிலையத்தை நம்பிப் பள்ளத்தாக்கில் நானூறு வீடுகள் இருப்பதும் தெரியும். தெரிந்தேதான் அதைச் செய்தாள். தானே வந்து சொல்லும் தைரியம் ஆர்லோவுக்கு இல்லை, அவனைக் காட்டிக்கொடுக்கும் தைரியம் அவளுக்கு இல்லை. நடுவில் எண்பதாயிரம் டாலர் போயிற்று.

மே மாதம் தேர்தல் நடந்தது. ஓட்டுச்சீட்டு அச்சடித்து, தபால் செலவு செய்து, பதினான்கு சாவடிகளில் ஆள் உட்கார வைத்து, யந்திரங்களைச் சோதித்து, எல்லாம் வெல்டாவும் கோலீனும் ஓடி ஓடிச் செய்தார்கள். நல்ல மழை. நூற்றுக்கு இருபத்தாறு பேர் ஓட்டுப் போட்டார்கள். பாக்ஸ்டன் தப்பித்தார். மக்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்று நீதிமன்றக் கட்டடப் படியில் நின்று அவர் சொன்னார். அதே ஆள், அதே நாற்காலி. செலவு எழுபத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

ஜூலையில் நிலையம் திறக்கவில்லை. கமிஷனர்கள் கூட்டத்தில் யாரோ எழுந்து ஏன் என்று கேட்டார். நிதி இல்லை என்று மூத்த கமிஷனர் பதில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். பின்வரிசையில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த வெல்டா, நிதி இல்லை என்று எழுதிக்கொண்டாள். ஆர்லோவும் வந்திருந்தான். தொப்பியை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டம் முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் போனார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் அலமாரியில் மீந்துபோன நன்றி அட்டைகளை எடுத்தாள். மனுவில் உள்ள முகவரிகளைச் சொந்தக் காரியத்துக்குக் குறித்துக்கொள்வது குற்றம். குறித்துக்கொள்ளும் அவசியம் அவளுக்கு இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள் முதல் வரியிலிருந்து கடைசி வரை மனதில் அப்படியே இருந்தது. அந்த இருபது பேரும் வந்திருந்தார்கள், அட்டை அவர்களுக்குச் சேர வேண்டியது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரிசையாக எழுதினாள். மாட்டு டாக்டர், அவர் மனைவி, பேருந்து ஓட்டுகிற பெண். ஓர்வில் அட்டையில் மட்டும், போனை எடுக்காததற்கு மன்னிக்கவும் என்று ஒரு வரி கூடுதலாக எழுதினாள். மற்றவற்றில் எல்லாம் ஒரே வாசகம். உறையில் முகவரி, தபால்தலை, அடுத்தது. கை தன் பழக்கத்துக்கு ஓடியது. இருபதையும் கட்டி மறுநாள் காலை தபால் நிலையத்தில் போட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாலையோரத் தபால் பெட்டியில் அவளுக்கு இரண்டு வந்திருந்தன. ஒன்று கவுண்டியிலிருந்து, பள்ளத்தாக்கு வாசிகள் எல்லாருக்கும் அனுப்பிய அறிவிப்பு. கிழக்கு நிலையம் மறு அறிவிப்பு வரை மூடியிருக்கும், அவசர அழைப்புகளுக்கு நகரத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வரும். அதை அவளே தட்டச்சு செய்திருந்தாள். இரண்டாவது வெள்ளை உறை. முகவரி அவள் கையெழுத்தில் இருந்தது. பதினேழாவது.

வேலியோரம் நின்றபடியே பிரித்தாள். டெல்மர் விழுந்த இடம் அதிலிருந்து இருபதடி.

அட்டையில் எழுதியிருந்தது: "எங்கள் துக்கத்தில் நேரில் வந்து நின்றதற்கு நன்றி. நீங்கள் வந்தது டெல்மருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்."

இரண்டு தரம் படித்தாள். அவள் வந்திருக்கிறாள். அன்று அங்கே இருந்திருக்கிறாள். தாளில் கையெழுத்து இருக்கிறது, கோலீன் பச்சை போட்டிருக்கிறாள். வெல்டா வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஜனவரியிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்து சேர்ந்தது.